மக்டலீனின் மூக்கு

போன வருசம் நல்லூரில் நவமணி ரீச்சரின் பான்சிக் கடைக்குப் போய் "ஒரு சென்ற் வேணும்" என்று நீங்கள் வாசனைத் திரவியம் கேட்டிருந்தால், ஒருவரும் உடனே போத்திலை எடுத்து நீட்டியிருக்கமாட்டார்கள். "மக்டலீன் அக்கா, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று உள்ளே குரல் போயிருக்கும். அவள் வந்து உங்களை மேலும் கீழும் பார்த்து, "எங்கை போறதுக்கு?" என்று கேட்டிருப்பாள். அவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. கந்தோர் வேலைக்குப் போட என்று சொல்லி, கலியாண வீட்டுக்கே போதுமான மல்லிகைச் சென்ற்றைக் கேட்டான் ஒரு பெடியன். அவனை அவள் படுத்தின பாட்டைச் சொல்லிச் சொல்லிக் கடைக்காரர் ஒரு கிழமை சிரித்தார்கள்.

குருநகர்ப் பிள்ளை. தகப்பனும் கடல், புருசன் எமில்ராஜும் கடல். சின்ன வயதிலேயே வாசலில் நின்றபடி எந்த வீட்டில் சூடை மீன் பொரிகிறது, எந்த வீட்டில் திருக்கை கொதிக்கிறது என்று பிசகாமல் சொல்லுவாளாம். பிறகு சென்ற் விற்கப் போனதும் வேதக்கோயிலடியில் பகிடி தொடங்கிவிட்டது. "பைபிளிலை தைலம் பூசின மக்டலீன்ரை பேரை வைச்சால் பரிமளத் தைலத்தோடைதான் சீவியம்" என்று பாட்டுக்காரப் பெண்கள் சீண்டுவார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். எமில்ராஜுக்கு மட்டும் அந்த மூக்கால் பெரிய இடைஞ்சல். "உன்ரை மூக்குக்குப் பயந்து நான் ஒரு சொட்டு வாயிலை வைக்கேலாமல் கிடக்கு" என்று புலம்புவான்.

நவமணி ரீச்சர் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றுக் கடை போட்டவர். ஜெர்மனியில் இருக்கும் தங்கை பெட்டி பெட்டியாகச் சென்ற் அனுப்புவார். பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து விற்க யாராலும் முடியும். மக்டலீன் அப்படி விற்கவில்லை. ஒவ்வொரு போத்திலையும் அட்டைத் துண்டில் அடித்து, கண்ணை மூடி இழுத்து, தனக்குப் பட்டதைச் சொல்லுவாள். ஒன்றை, "வெளிநாட்டிலையிருந்து வந்த சூட்கேசைத் திறந்த உடனை வாற மணம்" என்றாள். அதை வாங்காமல் போனவர் இல்லை. இன்னொன்று, "கணக்கு வாத்தியார் பக்கத்திலை வந்து நிண்ட மாதிரி, நல்ல மணம்தான், ஆனால் பயமாய்க் கிடக்கு." வேறொன்றை மணந்துவிட்டு முகத்தைச் சுளித்து, "உது பணக்கார மாமியாருக்குக் குடுக்கலாம், சொந்தத் தாய்க்குக் குடுக்காதையுங்கோ" என்றாள். அதுவும் விற்றுப்போயிற்று, மாமியார்மாருக்குத்தான். கடையின் கண்ணாடி அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பை ரீச்சர் அவளிடமே கொடுத்து வைத்திருந்தார்.

மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு படுத்து எழும்பினாள். எழும்பின அன்று கோப்பியை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனாள், மணம் இல்லை. கோப்பித் தூள் பழசாக்கும் என்று நினைத்தாள். சவர்க்காரத்தை மணந்தாள். இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்திலைத் திறந்தாள். இல்லை. தலையிடிக்குப் பூசுகிற பாமை மூக்கடியில் பூசினாள். எரிந்தது, கண்ணீர் வந்தது, மணம் வரவில்லை.

புருசனிடம்கூட அவள் சொல்லவில்லை. ஒரு நாள் எமில்ராஜ் நன்றாகப் போட்டுவிட்டு வந்து, வாங்கப் போகிற பேச்சுக்குத் தயாராகக் குனிந்தபடி இருந்தான். அவளோ, "சாப்பிடுங்கோவன், ஆறுது" என்றாள். மனுசன் வெலவெலத்துப் போனான். இவளுக்கு என்னிலே வெறுத்துப்போயிற்று என்று பயந்து அடுத்த கிழமை முழுக்க அவன் சாராயப் பக்கமே போகவில்லை. சிரிக்கக்கூடிய கதைதான். சிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சொன்னால் என்ன நடக்கும்? மூக்கில்லாத மக்டலீனை வைத்து நவமணி ரீச்சர் என்ன செய்வார்? போத்தில் துடைப்பதற்கு ஆளா இல்லை? திறப்பை வாங்கிக்கொண்டு, "நீர் வீட்டிலை நிண்டு ஓய்வெடும்" என்று நல்ல மரியாதையாக அனுப்பிவிடுவார். அதைவிடப் பெரிய பயமொன்றும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது மெய்யாகிவிடும், பிறகு மூக்கு திரும்பி வராது என்று நினைத்தாள். விசர் நினைப்புத்தான். ஆனால் இரவும் பகலும் அதுதான் அவளை ஆட்டியது.

அதனால் நடித்தாள். பழைய போத்தில்களுக்குப் பழைய கதை இருந்தது. புதுப் போத்தில்கள் வந்தால்தான் சிக்கல். முதலில் வாங்க வருகிறவர்களின் கையில் அடித்துவிடுவாள். "உங்களுக்கு எப்பிடிக் கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். அவர்கள் சொல்வதை அப்படியே பிடித்து வைத்து, கொஞ்சம் உப்புப் புளி போட்டு, அடுத்தவருக்கு விற்பாள். ஒருவர் வாயில் வந்த மணம் இன்னொருவர் காதுக்குப் போனது, இடையில் அவள் மூக்குக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

காலையில் ரஞ்சினி வருவதற்கு முன் கடைக்கு வந்துவிடுவாள். ரஞ்சினி அங்கே வேலை செய்கிற மற்றவள். புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் வருமுன் மக்டலீன் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்திலாக அடித்துப் பார்ப்பாள். மணம் போனபின் சென்ற் என்பது வேறு சாமானாகிவிட்டது. ஒன்று தோலில் சில்லிட்டு உடனே காய்ந்தது. ஒன்று எண்ணெய்ப் பிசுக்காக நின்றது. ஒன்று தொண்டையைக் கரகரக்க வைத்தது. விலை கூடினது எது, மலிவானது எது என்று தோலே சொல்லிவிடும் அளவுக்குப் பழகிவிட்டாள். எல்லாவற்றையும் அடித்து முடித்து, இரண்டு கையையும் முகத்தில் பொத்தி இழுப்பாள். வெறும் காற்று.

அப்படியிருக்கத்தான் பாலேஸ்வரி அம்மா மகளோடு கடைக்கு வந்தார்.

மகள் ஆரபி கனடாவில் வளர்ந்தவள், கலியாணத்துக்காக வந்து நிற்கிறாள். அடுத்த கிழமை கலியாணம். பொம்பிளைக்கு அன்று போட ஒரு சென்ற் வேண்டும். "உங்கை மக்டலீன் எண்டொரு பிள்ளை நிக்குதாம், அவவைக் கேட்டு எடுக்கச் சொன்னவை" என்று பாலேஸ்வரி அம்மா சொன்னதும் ரீச்சரின் முகம் பூரித்துப் போயிற்று. "கூப்பிடும்" என்றார்.

முதல்நாள்தான் ஜெர்மனியிலிருந்து பெட்டி வந்திருந்தது. அதிலே பச்சை நிறத்தில் வடிவான போத்தில் ஒன்று. அந்த வகையில் அது ஒன்றே ஒன்று. மூடி முத்திரையை உடைத்து அலுமாரியில் வைத்தவள் ரஞ்சினி. காலையில் மக்டலீன் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துப் பார்த்தாள். பேர் ஜெர்மன் மொழியில், விளங்கவில்லை; சேர்த்த சாமான்கள் மட்டும் இங்கிலிசில். எலுமிச்சை, தோடம்பூ, ரோஸ்மேரி, லவெண்டர். கையில் அடித்தாள். சில்லென்று இருந்தது, பிசுக்கு இல்லை, உடனே பறந்துவிட்டது. பூவும் பழமும் சேர்ந்தது, பாரமில்லாதது, கலியாணப் பொம்பிளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டாள்.

"மற்றதெல்லாம் வேர்வையோடை சேர்ந்து தலையிடி தரும், அம்மா" என்றாள் மக்டலீன். "இது அப்பிடியில்லை. விடியக்காலமை தோட்டத்துக்குள்ளை நிக்கிற மாதிரி. மணவறையிலை பக்கத்திலை இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்."

ஆரபி சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். மக்டலீன் தாராளமாக அடித்தாள். பெண் மணந்து பார்த்து, "நல்லாயிருக்கு அம்மா, பிரெஷ்ஷாய் இருக்கு" என்று கையைத் தாயின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

மக்டலீன் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக மற்றவர்களின் முகத்தை வைத்துத்தானே பிழைக்கிறாள். அந்த முகம் முதலில் வெளிறியது. பிறகு கோணியது. பாலேஸ்வரி அம்மா மகளின் கையைத் தட்டிவிட்டு இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

"கழுவு! கெதியாய்க் கழுவு அதை!"

"ஏனம்மா?"

"செத்தவீட்டு மணமடி உது! ஐயோ, கொப்பருக்குத் தெளிச்ச ஓடிக்கொலோன்! கலியாணப் பொம்பிளையின்ரை கையிலை ஆரும் இதைப் பூசுவினமோ?"

நம்முடைய பக்கத்தில் பிணத்தைக் கிடத்தினால் ஓடிக்கொலோன் தெளிக்காத வீடு இல்லை. அந்த மணத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சின்னப்பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். ஆரபிக்குத்தான் தெரியாது. அவள் விசா கிடைக்காமல் தகப்பனின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தவள். தொலைபேசியில் மணம் வராது.

பின்பக்கத்துக் குழாயில் அந்தப் பெண் கையைக் கழுவக் கழுவ, பாலேஸ்வரி அம்மா கதிரையில் விழுந்து அழுதார். கடைக்குள் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

ரீச்சர் வந்தார். அட்டைத் துண்டை எடுத்து மூக்கடியில் பிடித்தார்.

"ஓடிக்கொலோன்தான்" என்றார் மெல்ல. "இவ்வளவு விலையான போத்திலுக்குள்ளை ஓடிக்கொலோன் எப்பிடி வந்தது?"

ஜெர்மனியில் அதைக் குளிர்ச்சிக்காக ஆண், பெண் எல்லாரும் போடுகிறார்கள், போத்திலுக்குள் வந்ததே அதுதான் என்பது பிறகு தங்கையோடு கதைத்த போதுதான் ரீச்சருக்குத் தெரிய வந்தது. அந்த நேரம் அவருக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். யாரோ உள்ளே இருந்ததை ஊற்றி எடுத்துவிட்டு மலிவானதை நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

"மக்டலீன், காலமை நீர் மணந்து பாத்தனீர்தானே? அப்பவும் உப்பிடியோ இருந்தது?"

ஓம் என்று சொன்னால், பிறகு ஏன் பொம்பிளைக்கு அடித்தீர் என்று கேட்பார். எல்லாம் வெளியே வந்துவிடும். இல்லை என்று சொன்னால்? ரீச்சரின் கண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மக்டலீனுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை, அல்லது யோசிக்க அவள் விரும்பவில்லை.

"இல்லை ரீச்சர். காலமை வேறை மாதிரி இருந்தது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று கண்டாள். போத்திலைத் தொட்டவர்கள் இரண்டே இரண்டு பேர். ரீச்சர் மெல்லத் திரும்பி ரஞ்சினியைப் பார்த்தார்.

"ரீச்சர், சத்தியமாய் நான் தொடேல்லை" என்றாள் ரஞ்சினி.

"ஆக்களுக்கு முன்னாலை கதையை வளர்க்காதையும். உம்மடை தோள்பாக்கை எடுத்துக்கொண்டு வீட்டை போம்."

ரஞ்சினி மக்டலீனை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று மக்டலீன் நினைத்தாள். அவள் திரும்பிப் பின்னறைக்குப் போனாள். ரீச்சர் பாலேஸ்வரி அம்மாவுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தப்பிவிட்டேன் என்று மக்டலீனுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் இளகியது. அடுத்த கணம் தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருத்தது. பின்னறைக்கு ஓடினாள்.

ரஞ்சினி சாப்பாட்டுப் பெட்டியைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

"ரஞ்சினி..."

"உங்களுக்கு மணம் தெரியாது, அக்கா. எனக்குக் கன நாளாய்த் தெரியும்."

மக்டலீன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போன கிழமை நீங்கள் கொண்டு வந்த மீன்கறி பழுதாய்ப்போய்க் கிடந்தது. இந்த அறையே நாறினது. குருநகர் ஆள் நீங்கள், மீனிலை ஒரு பிழை விடமாட்டியள், அதை விரல் சூப்பிச் சாப்பிட்டியள். நான் வெளியிலை போய் நிண்டு அழுதனான்."

"ஏனடி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"இப்ப ஏன் ரீச்சரிட்டைச் சொல்லாமல் வந்தனீ?"

"சொன்னால் நம்புவாவோ? உங்கடை மூக்குக்கு எதிராய் என்ரை வாயை ஆர் நம்புறது?" ரஞ்சினி பையின் வாயை இழுத்து மூடினாள். "நாளைக்கு என்ரை பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் வரைக்கும் கதை போகும், அக்கா. கள்ளி எண்டு."

மக்டலீன் அதற்குமேல் நிற்கவில்லை. கடைக்குள் வந்தாள். பாலேஸ்வரி அம்மாவும் மகளும் போக எழும்பியிருந்தார்கள். வாடிக்கையாளர் மூன்று நான்கு பேர் வளையல் பார்க்கிற சாட்டில் புதினம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும்.

"ரீச்சர், அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. நான் பொய் சொன்னனான். எனக்கு மணம் தெரியாது. மாசியிலை வந்த காய்ச்சலோடை போயிட்டுது. அந்தப் போத்தில் காலமை எப்பிடி மணந்தது எண்டு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தாள். ரீச்சரோ தலையை ஆட்டி ஒரு சலிப்புச் சிரிப்புச் சிரித்தார்.

"உமக்கு இரக்கம் கூடிப்போச்சு, மக்டலீன். அவள் உள்ளை அழுதிருப்பாள், நீர் கரைஞ்சு போனீர்."

"இல்லை ரீச்சர், மெய்யாய்..."

"முந்தநாள் அந்த வங்கிப் பிள்ளைக்கு நீலப் போத்திலைப் பற்றி என்ன வடிவாய்ச் சொன்னனீர்! மூக்கில்லாத ஆள் சொல்லுற கதையோ அது?"

"அது அதுக்கு முதல் வந்த ஒராள் சொன்னது. நான் திருப்பிச் சொன்னனான். எந்தப் போத்திலை வேணுமெண்டாலும் அடிச்சுத் தாங்கோ, என்னாலை சொல்லேலாது."

"தெரிஞ்சதைத் தெரியாதெண்டு சொல்லுறது பெரிய வேலையோ? போம், போய் முகத்தைக் கழுவும்."

இத்தனை நாள் மூக்கு இருக்கிறது என்று நம்ப வைக்க அவள் பட்ட பாடு என்ன! ஒருவரும் சந்தேகப்படவில்லை. இப்போது இல்லை என்று கத்துகிறாள், ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. பின்னறை வாசலில் ரஞ்சினி பாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் இந்தக் கடைவாசலைத் தாண்டினால் கள்ளியாகத்தான் தாண்டுவாள்.

மக்டலீன் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு இறங்கினாள்.

கடை வாசலோடு கழிவுநீர்க் கான் ஓடுகிறது. மூடியிருந்த சீமெந்துப் பலகையில் ஒன்று உடைந்துபோய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் எறித்து, சாப்பாட்டுக் கடைகளின் கழிவெல்லாம் உள்ளே புளித்துக் கிடந்தது. சைக்கிளில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள்கூட அந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி மிதிக்கிறார்கள். அவள் சேலையை ஒதுக்கி அந்த உடைந்த வாயடியில் முழங்காலில் இருந்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள். முகத்தைக் கானுக்குள் கொண்டுபோனாள்.

"ஐயோ, என்ன செய்யிறா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் நெஞ்சு நிறைய இழுத்தாள். விட்டாள். திரும்பவும் இழுத்தாள். வாயால் அல்ல, எல்லாருக்கும் தெரியும்படி மூக்கால். கடைவாசலுக்கு வந்த சனம் சேலைத் தலைப்பாலும் கையாலும் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கியது. ஒருத்திக்கு ஓங்காளம் வந்துவிட்டது. பாலேஸ்வரி அம்மா மகளைப் பிடித்து உள்ளே இழுத்தார். கானுக்கு மேலே குனிந்திருந்தவளின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

ரஞ்சினிக்காக அது மணக்காமல் இருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு அவள் வேறொன்றைத்தான் கேட்டாள். தொலைந்த சாமானெல்லாம் தேடித் தருகிற அந்தோனியாரைக் கெஞ்சினாள். நாறட்டும், அந்தோனியாரே. ஒரு சொட்டு நாறட்டும். எனக்குச் சென்ற் வேண்டாம், பூ வேண்டாம், இந்தப் பீ நாற்றமாவது எனக்குத் தாரும். இன்னும் ஆழமாக இழுத்தாள். ஈரக் காற்று மூக்குக்குள் போய் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் அழுதாள், சத்தமாக, கானுக்குள்ளேயே.

"எழும்பும், மக்டலீன்" என்றார் ரீச்சர். பிறகு, "போதும், பிள்ளை, எழும்பும்" என்றார். அவர் மூக்கிலிருந்து கைலேஞ்சியை எடுக்காமலே ரஞ்சினியின் பக்கம் திரும்பினார். "ரஞ்சினி, பாக்கை உள்ளை கொண்டுபோய் வையும். நான் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னாலைதான் சொல்லுறன்." கொஞ்சம் பொறுத்து, "அலுமாரித் திறப்பை மக்டலீனிட்டை வாங்கி வையும். நாளைக்கு அவ வரட்டும், எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு பிறகு பாப்பம்" என்றார்.

சனம் மெல்லக் கலைந்தது. ரஞ்சினி வந்து மக்டலீனின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவள் எழும்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து ரஞ்சினியின் கையில் வைத்தாள். அந்தக் கையை விடவில்லை.

"ரஞ்சினி, மெய்யாய் நாறுதோ?"

"ஓமக்கா. குடலைப் பிரட்டுது. எழும்புங்கோ."

"எப்பிடி நாறுது? சொல்லு."

ரஞ்சினி அவளைப் பார்த்தாள். மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணில் நீர் வர, ஒரு தரம் நன்றாக இழுத்தாள்.

"அழுகின முட்டை, அக்கா" என்றாள். "அதோடை புளிச்ச சோத்துத் தண்ணி. பழைய மீன் செதிலும் கிடக்கு, அடியிலை."

மக்டலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு" என்றாள்.